வயலும் மருந்தும்: டொக்சிசைக்கிளினின் ஆக்கமும் அளவறிந்த பயன்பாடும்

வன்னி நிலத்திலே காலபோகம் தொடங்கும்போது உழவர் மனைக்கு வந்து சேர்வன பல. விதைநெல் வரும், உரம் வரும், உழவு இயந்திரத்துக்கு முறை கேட்டு ஆள் வரும். இவற்றோடு இக்காலத்தில் வேறொரு பொருளும் வந்து சேர்கின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொடுத்துச் செல்லும் சிறு கப்சூல்களே அவை. ஊரார் அவற்றை 'எலிக்காய்ச்சல் குளிசை' என்பர். மருத்துவ நூலார் 'டொக்சிசைக்கிளின்' என்பர். இரணைமடுவின் கீழும், வவுனிக்குளத்தின் கீழும், முத்தையன்கட்டின் கீழும், பாவற்குளத்தின் கீழும் சேற்றில் இறங்குவோர் இதன் பெயரையேனும் கேட்டிருப்பர். ஆயினும் அதனுள் இருப்பது யாது, உடலினுள் அது செய்யும் தொழில் யாது, கிழமைக்கு ஒருமுறை என்று அளவு வகுத்தமைக்குக் காரணம் யாது என்பவற்றை அறிந்து விழுங்குவோர் சிலரேயாவர். அச்சிலரின் தொகை பெருகல் வேண்டும் என்னும் விருப்பமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

மருத்துவம் கல்லாத தமிழாசிரியர்க்கு இவ்விடயத்தில் என்ன உரிமை என்று வினவுவார் உளராயின், அவ்வினா தக்கதே. நோயை நிச்சயித்தலும் மருந்தின் அளவை விதித்தலும் மருத்துவர் கடமை. அவ்வெல்லையை நாம் கடக்கப் போவதில்லை. ஆனால் மருந்துறையில் எழுதியிருப்பதை வாசித்து விளங்கிக்கொள்ளுதல் மொழியறிவைச் சார்ந்தது. மேலும், திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிலிருந்து மருந்தை ஊட்டுவோனையும் ஒரு கூறாக எண்ணுகின்றது. வன்னியின் உழவர் மனைகளில் அந்நான்காம் இடத்தில் நிற்பவர் யார்? பெரும்பாலும் கல்லூரியிற் பயிலும் பிள்ளையே. தந்தைக்குச் சீட்டை வாசித்துக் காட்டுபவனும், 'இன்று விழுங்கும் நாள்' என்று நினைவூட்டுபவளும் அப்பிள்ளைகளே. அவர்களை முன்னிறுத்தியே எழுதுகின்றோம்.

முதற்கண் நோயைப் பற்றிச் சிறிது கூறுவாம். எலிக்காய்ச்சலை விளைப்பது லெப்டோஸ்பைரா என்னும் பற்றீரியா. கிரேக்க மொழியில் 'லெப்டோஸ்' என்பது மெல்லிய என்றும், 'ஸ்பைரா' என்பது சுருள் என்றும் பொருள்படும். பெயருக்கேற்ப அது மெல்லிய சுருட்கம்பி போன்ற வடிவினது, முனை வளைந்திருக்கும். 1886 ஆம் ஆண்டில் வைல் என்னும் ஜெர்மானிய மருத்துவர் நோயின் குணங்களை விரித்துரைத்தார். 1915 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞரான இனாடாவும் இடோவும் அந்நோய்க்குரிய கிருமியைக் கண்டுபிடித்தனர். அங்கு அந்நோய் சுரங்கத் தொழிலாளரை வருத்தியது. இங்கு வயலில் உழைப்பாரை வருத்துகின்றது. இரண்டிடத்திலும் ஈரமும் எலியுமே பொதுவாயின.

எலியின் சிறுநீரகத்தில் இப்பற்றீரியா எலிக்குத் தீங்கின்றி வாழும். சிறுநீருடன் வெளிப்பட்டுச் சேற்றிலும் தேங்கிய நீரிலும் கிழமைக்கணக்காக உயிரோடிருக்கும். காலிலுள்ள சிறு வெடிப்பு, வரம்பு வெட்டும்போது மண்வெட்டி உரசிய காயம், கண், வாய், மூக்கு ஆகியவற்றின் மெல்லிய தோல் என்பன அது புகும் வாயில்கள். எலி ஒன்றே குற்றவாளி என்று எண்ணுதல் பிழை. மாடு, எருமை, நாய், பன்றி என்பனவும் இக்கிருமியைச் சுமக்கும். அறுவடை முடிந்த வயலில் மாடு மேய்வதும், அதே வயலில் மழைக்குப்பின் நாம் இறங்குவதும் வன்னியில் வழமையாதலின், 'எலிக்காய்ச்சல்' என்னும் பெயர் பாதி உண்மையையே கூறுகின்றது என்க.

கிருமி புகுந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் காய்ச்சல் காணும். தலையிடி, கண் சிவத்தல், தசைநோவு, சிறப்பாகக் கெண்டைக்காலைத் தொடமுடியாத நோவு என்பன உடன் வரும். பலர்க்கு அவ்வளவில் நீங்கும். சிலர்க்கோ கண் மஞ்சளாகும், சிறுநீர் குறையும், நுரையீரலிற் குருதி கசியும். அந்நிலை எய்தியவரை மீட்டல் அரிது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளாயினர் என்று பதிவாயிற்று. ஏறத்தாழ இருநூறு உயிர் மாண்டது. 2024 ஆம் ஆண்டு கார்த்திகை மாத இறுதியில் வந்த வெள்ளத்தையடுத்து, மார்கழியில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தபோது, யாதோ புதுநோய் என்று மக்கள் கலங்கினர். ஆய்வில் அது பழைய எலிக்காய்ச்சலே என உறுதியாயிற்று. ஆனையிறவுக்கு அப்பால் நேர்ந்தது ஆனையிறவுக்கு இப்பாலும் நேரக்கூடியதே.

இனி மருந்துக்கு வருவாம். 'அன்டிபயோட்டிக்' என்னும் சொல்லை இன்றைய பொருளில் 1940 களின் தொடக்கத்தில் வழங்கியவர் வாக்ஸ்மன் என்னும் மண்ணியல் அறிஞர். ஒரு நுண்ணுயிர் ஆக்கி மற்றொரு நுண்ணுயிரைத் தடுக்கும் பொருள் என்பது அவர் கருத்து. தமிழில் நாம் இதனை 'நுண்ணுயிர்க்கொல்லி' என்கின்றோம். தமிழ்நாட்டார் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' என்றும் எழுதுவர். இரண்டனுள் பின்னதே டொக்சிசைக்கிளினுக்குப் பொருந்தும் என்பது எமது துணிபு. ஏனெனில் இம்மருந்து கிருமியைப் பெரும்பாலும் கொல்வதில்லை. அதன் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துகின்றது. எஞ்சிய போரை உடலே செய்து முடிக்கின்றது. சொல்லாராய்ச்சி வீண் என்பார்க்கு ஒன்று கூறுவோம்: 'கொல்லி' என்னும் சொல்லே 'எவ்வளவு விழுங்கினும் நன்று' என்னும் எண்ணத்தை விதைத்துவிட்டது போலும். பூச்சிகொல்லி தெளித்துப் பழகிய கைகள் அல்லவா!

டொக்சிசைக்கிளினின் குலம் டெட்ராசைக்கிளின் எனப்படும். 'டெட்ரா' நான்கு, 'சைக்கிள்' வளையம். நான்கு வளையங்கள் ஓர் ஓலைப்பாயின் கட்டங்கள்போல ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும் மூலக்கூறு இது. இக்குலத்தின் முதல் மருந்து மண்ணிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஆசிரியத்தொழிலினின்றும் ஓய்வு பெற்று எழுபது வயதைக் கடந்திருந்த டக்கர் என்னும் தாவரவியலறிஞர் லெடர்லி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். பல ஊர் மண்ணைத் தருவித்து ஆராய்ந்து, 1945 ஆம் ஆண்டில் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் சான்போர்ன் வயலிலிருந்து எடுத்த மண்ணில், பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைக் கண்டார். அது சுரந்த மருந்துக்கு 'ஓரியோமைசின்' என்று பெயராயிற்று. 'ஓரியோ' என்பது பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. 1948 ஆம் ஆண்டில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அக்காலத்தில் லெடர்லியின் ஆராய்ச்சித் தலைவராயிருந்தவர் யாரென நம்மவர் அறிதல் வேண்டும். அவர் 1895 ஆம் ஆண்டு பழைய சென்னை மாகாணத்துப் பீமவரத்திற் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ். இரு முறை மெட்றிக்குலேசன் பரீட்சையில் தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து சித்தியெய்தியவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றபோது கதராடை அணிந்து ஆசிரியரின் வெறுப்பைத் தேடிக்கொண்டு, முழுப் பட்டத்தை இழந்து குறைந்த தகுதிச் சான்றிதழையே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று ஹாவார்டிலும் லெடர்லியிலும் உழைத்தார். யானைக்கால் நோய்க்கு நமது நாட்டிலும் கொடுக்கப்பட்ட டையீதைல்காபமசீன் என்னும் மருந்தும் அவர் தலைமையில் உருவானதே. ஓரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில கிழமைகளில், 1948 ஆவணியில், அவர் காலமானார். பரீட்சையில் ஒருமுறை தவறியதும் புத்தகத்தை மூடிவைக்கும் மாணவர் இப்பெயரைக் குறித்து வைத்துக்கொள்க.

ஓரியோமைசினுக்குப் பின் 1950 ஆம் ஆண்டில் பைசர் நிறுவனத்தாரின் ஒட்சிடெட்ராசைக்கிளின் வந்தது. அதுவும் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றின் சுரப்பே. அதனை எடுத்து, இரசாயன முறையால் ஆறாம் இடத்திலிருந்த ஓர் ஒட்சிசன் அணுவை நீக்கிப் பெற்றதே டொக்சிசைக்கிளின். ஒட்சிசன் நீக்கியது என்பதே பெயரின் முற்பகுதியிற் குறுகி நிற்கின்றது. 1967 ஆம் ஆண்டு அமெரிக்காவில் அது பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது. ஓர் அணு போனதனால் விளைந்த வேறுபாடோ பெரிது. முன்னையவற்றை நாளுக்கு நான்கு முறை விழுங்க வேண்டியிருந்தது. டொக்சிசைக்கிளின் குடலிலிருந்து நன்றாக உறிஞ்சப்பட்டு, குருதியில் நெடுநேரம் தங்குவதனால் ஒரு முறை அல்லது இரு முறை போதுமாயிற்று. இன்று விழுங்கியது பாதியாகக் குறைவதற்கு ஏறக்குறைய 18 முதல் 22 மணித்தியாலம் செல்லும். இவ்வெண்ணை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

மூலக்கூறு ஒன்றிலே 22 காபன் அணு, 24 ஐதரசன் அணு, 2 நைதரசன் அணு, 8 ஒட்சிசன் அணு உள. நமக்குக் கிடைக்கும் கப்சூலில் வழமையாக 100 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் இருக்கும். அது தனித்து இராது. நீரிற் கரைவதற்காக ஐதரோகுளோரிக்கமிலத்தோடு கூட்டி உப்பாக்கப்பட்டிருக்கும், அன்றேல் நீர்மூலக்கூறு ஒன்றைத் தாங்கிய வடிவில் இருக்கும். கூட்டை நிரப்பவும் தூள் ஒட்டாமலிருக்கவும் மாப்பொருள், செலுலோசு, மகனீசியம் தியரேற்று போன்றன சேர்ப்பர். இவை மருந்தல்ல, மருந்தைச் சுமக்கும் வண்டி எனலாம்.

கூட்டைப் பற்றிச் சைவ உணவினர் சிலர் தயங்கிக் கேட்பதுண்டு. கப்சூலின் கூடு பெரும்பாலும் ஜெலற்றீன் என்னும் பொருளாலாயது; அது விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து பெறப்படுவது. உண்மையை மறைப்பதிற் பயனில்லை. இதற்காகக் கூட்டை உடைத்துத் தூளை மட்டும் நாவிலிட்டு விழுங்குவோர் தமக்கே தீங்கு தேடுகின்றனர், அத்தூள் அமிலத்தன்மையது, உணவுக்குழாயைப் புண்ணாக்கும். இம்மருந்து கூடில்லாத குளிசை வடிவிலும் ஆக்கப்படுகின்றது. வெட்கமின்றி மருத்துவரிடம் கேட்டலே முறை.

உடலினுள் இம்மருந்து செய்யும் தொழிலை ஓர் உவமையால் விளக்குவாம். பற்றீரியா வாழவும் பெருகவும் புரதம் வேண்டும். புரதத்தை நெய்யும் தறி போன்றது இரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பு. அத்தறிக்கு நூலைக் கொணர்ந்து கொடுக்கும் தூதர் உளர். டொக்சிசைக்கிளின் தறியின் சிறுகூற்றில் ஒட்டிக்கொண்டு, தூதர் வந்தமரும் இடத்தை மறித்துவிடும். நூல் வாராதாக, நெசவு நிற்கும்; கிருமி பெருகமாட்டாது. மனித உயிரணுவின் தறி வேறு அமைப்பினதாதலின் நமக்கு அத்துணைத் தீங்கில்லை. இதிலிருந்தே மற்றோர் உண்மையும் பெறப்படும். டெங்குக் காய்ச்சலை விளைக்கும் வைரசுக்குச் சொந்தத் தறி இல்லை. அது நம் தறியிலேயே நெய்துகொள்வது. ஆகவே டெங்குக்கும் தடிமனுக்கும் டொக்சிசைக்கிளின் ஒரு சிறிதும் பயன்படாது. டெங்கும் எலிக்காய்ச்சலும் ஒரே மழைக்காலத்தில், ஒரே ஊரில், ஒரே மாதிரியான காய்ச்சலோடு தொடங்குவன என்பதை நோக்கும்போது இவ்வேறுபாட்டின் அருமை புலனாகும்.

நோயில்லாதார்க்கு மருந்து கொடுத்தல் பொது விதிக்கு மாறன்றோ? ஆம், இது விதிவிலக்கு. அவ்விலக்குக்குச் சான்றுண்டு. 1982 ஆம் ஆண்டில் பனாமாக் காட்டிற் பயிற்சி பெற்ற அமெரிக்கப் போர்வீரர் 940 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்குக் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும், மறு கூற்றாருக்கு அதுபோன்ற வெறுங்குளிசையும் கொடுத்தனர். வெறுங்குளிசை பெற்றோரில் 20 பேர் எலிக்காய்ச்சலுற்றனர். மருந்து பெற்றோரில் ஒருவரே உற்றார். 1984 இல் இம்முடிவு வெளியாயிற்று. இதனை மட்டும் படித்தவர் இம்மருந்தைக் கவசமென்று கொண்டாடுவர். ஆனால் அந்தமான் தீவுகளில், நோய் நெடுங்காலமாக ஊன்றிய ஊரில் நடத்தி 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறொன்று கூறிற்று. அங்கே மருந்து பெற்றோர்க்கும் பெறாதார்க்கும் கிருமி புகுந்த அளவில் வேறுபாடு காணப்படவில்லை. நோயாக வெளிப்பட்டவர் தொகையே மருந்து பெற்றோரிடத்துப் பாதிக்கும் குறைந்தது. வன்னி உழவர் நிலை, சில கிழமை காட்டிற் கழித்துத் திரும்பிய போர்வீரர் நிலையினும், அந்தமான் மக்கள் நிலையையே ஒத்தது என்று நாம் கருதுகின்றோம். எனவே இக்குளிசையை முழுக்கவசம் என்று நம்பிக் காயத்தைக் கட்டாமலும், தேங்கிய நீரில் முகங்கழுவியும், வரம்பிற் கிடைத்த நீரைக் கொதிக்கவையாமற் குடித்தும் திரிதல் அறியாமையாகும். இறப்பர்ச் சப்பாத்துச் சேற்றிற் புதையும் என்பது மெய்தான். காயத்தை மூடிக் கட்டுதலுக்கு அத்தடையில்லையே.

இப்போது முன்கூறிய எண்ணுக்கு மீள்வாம். 20 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும் மருந்து, நான்கைந்து நாளிற் பெரிதும் குறைந்துவிடும். கிழமையின் கடைக்கூற்றில் உடலில் இம்மருந்து மிகச் சிறிதே. அவ்வாறாயின் கிழமைக்கு ஒருமுறை எவ்வாறு போதும் எனின், கிருமி புகுந்ததும் நோய் எழுவதில்லை, நாள்கள் செல்லும். அவ்விடைவெளியில் அடுத்த முறை மருந்து வந்து அதனைத் தடுக்கும். ஆதலின் திங்கட்கிழமை விழுங்கத் தொடங்கியவர் ஒவ்வொரு திங்களும் விழுங்குதல் வேண்டும். ஒரு கிழமை மறந்தவர்க்கு அவ்விடைவெளி திறந்த வாயிலாகின்றது. மறந்ததற்கு ஈடாக மறுகிழமை நான்காக விழுங்குதலும் கூடாது. வயலில் இறங்குமுன்னரே தொடங்கல் வேண்டும் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையார் சொல்வதும் இதுபற்றியே.

இவ்விடத்தில் இக்கட்டுரையின் தலையாய செய்தியைக் கூறுவோம். தடுப்பளவு வேறு, சிகிச்சையளவு வேறு. தடுப்புக்கு ஒரு கிழமையில் 200 மில்லிகிராம், அஃதாவது இரண்டு கப்சூல். நோய் கண்ட பின், கடுமையற்ற நிலையில் மருத்துவர் வழமையாக விதிப்பது நாளுக்கு இருமுறை 100 மில்லிகிராம் வீதம் ஏழு நாள். கூட்டிப் பார்க்க 1,400 மில்லிகிராம். முன்னையதினும் ஏழு மடங்கு. கடுமையாயின் அதுவும் போதாது. பெனிசிலினோ அதுபோன்ற பிறிதொன்றோ ஊசிவழி நாளத்திற் செலுத்தப்படல் வேண்டும். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் காத்தற்கு ஆசுபத்திரியின் உதவி வேண்டும். காய்ச்சல் தொடங்கியபின், 'வீட்டிலே எலிக்காய்ச்சல் குளிசை இருக்கிறது. இரண்டு போட்டால் அடங்கும்' என்று படுத்திருப்பவர், ஏழிலொரு பங்கு மருந்தோடு போருக்குச் செல்பவராகின்றார். அவர் இழப்பது மருந்தையன்று, நாள்களை. இந்நோயில் முதல் மூன்று நான்கு நாள்களே பெறுமதியானவை.

'எலிக்காய்ச்சல் குளிசை' என்னும் வழக்குப்பெயரே இம்மயக்கத்துக்கு வழிசெய்கின்றது. 'தடுப்புக் குளிசை' என்று சொல்லிப் பழகினால் அரைப்பங்கு ஆபத்து அகலும் என எண்ணுகின்றோம். வன்னியின் மூத்தோர் மலேரியாக் காலத்தில் வளர்ந்தவர்கள். காய்ச்சல் என்றால் குளிசை, குளிசை என்றால் சுகம் என்பது அவர் கண்ட உலகம். இலங்கை மலேரியாவினின்றும் விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 ஆம் ஆண்டு சான்றளித்தது. மலேரியா போயிற்று, அப்பழக்கம் மட்டும் போகவில்லை. ஆகவே வயலுக்குச் சென்றவர்க்குக் காய்ச்சல் கண்டால், தடுப்புக் குளிசை விழுங்கியிருப்பினும் விழுங்காதிருப்பினும், தாமதியாது ஆசுபத்திரிக்குச் செல்லல் வேண்டும். அங்கே 'நான் வயலில் இறங்கினேன். இந்நாளில் இக்குளிசை விழுங்கினேன்' என்னும் இரு செய்திகளையும் மருத்துவர் கேளாமுன்னரே சொல்லல் வேண்டும். முதலாவது செய்தியைச் சொல்லாமையால் காலம் கழிவதுண்டு.

மருந்தை அளவோடு காக்கவேண்டிய மற்றொரு காரணம், நம்மொருவரோடு நில்லாது ஊர் முழுவதையும் பற்றியது. லெப்டோஸ்பைரா டொக்சிசைக்கிளினை எதிர்க்கக் கற்றுக்கொண்டது என்னும் அச்சம் இன்று பெரிதன்று. ஆனால் நாம் விழுங்கும் மருந்து லெப்டோஸ்பைராவை மட்டும் தேடிச் செல்வதில்லை. குடலிலும் தோலிலும் தொண்டையிலும் குடியிருக்கும் எண்ணிறந்த பற்றீரியாக்களும் அதனைச் சுவைக்கின்றன. அவற்றுட் சில, மருந்தை உள்ளே வந்தவுடன் வெளியே இறைத்துத் தள்ளும் பொறியை உடையன. சில, தறியைக் காக்கும் காவற்புரதத்தை உடையன. மருந்து வரும்தோறும் மற்றவை ஒடுங்க, இவை பெருகும். அதனினும் வியப்பு, இவ்வித்தையை அவை பிற இனத்துக்கும் கற்பிக்கும். 1959 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர், குடலில் வாழும் தீங்கற்ற பற்றீரியா ஒன்று வயிற்றுளைவுக் கிருமியைத் தொட்ட அளவில், டெட்ராசைக்கிளின் உட்பட நான்கு மருந்துகளை எதிர்க்கும் ஆற்றலை ஒருங்கே அதற்குக் கொடுத்துவிடுவதைக் கண்டனர். வாழையடி வாழையாக மகவுக்குக் கொடுப்பதன்று, அயலானுக்கு அள்ளிக்கொடுப்பது!

பெனிசிலினைக் கண்ட பிளெமிங் 1945 ஆம் ஆண்டு நோபெற் பரிசுரையில் இவ்வாபத்தைக் கதையாகவே சொன்னார். தொண்டை நோவுக்குத் தானே மருந்து வாங்கிக் குறைவாக உட்கொண்ட ஒருவன், எதிர்க்கக் கற்ற கிருமியைத் தன் மனைவிக்குத் தொற்றவைக்க, அவளுக்கு மருந்து பலியாமற் போகின்றது. கதையில் இறந்தவள் மனைவி. பிழை செய்தவன் கணவன். மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களாலேயே 2019 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் டொக்சிசைக்கிளினை, எளிதிற் கிடைக்கவேண்டிய முதல்வரிசை மருந்துகளுள் ஒன்றாக வகுத்துள்ளது. மலிவானது, பழகியது, பல நோய்க்குப் பயன்படுவது. உண்ணிக்காய்ச்சலுக்கும் அதுவே முதன்மை மருந்து. இத்தகைய ஒன்று பயனற்றுப் போனால், அடுத்து நாடவேண்டியவை விலைமிக்கவை. கிராமத்து ஆசுபத்திரியில் எப்போதும் கிடையாதவை.

இதனாலன்றோ நமது நாட்டில் நுண்ணுயிர்க்கொல்லிகள் மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாதவை என்று சட்டம் விதிக்கின்றது. சட்டத்தைக் கடையிற் காவல்நின்று காத்தல் இயலாது. சீட்டில்லாமற் கேட்பவர் இல்லையாயின் விற்பவரும் குறைவர். 'முடியும்வரை விழுங்கு' என்று முன்னர்ச் சொல்லிவந்ததைப் பற்றி இன்று மருத்துவ அறிஞரிடையே விவாதமுண்டு. சில நோய்க்குக் குறைந்த நாளே போதும் என்று கண்டுள்ளனர். இதனைக் கேள்வியுற்று நாமாக நிறுத்திவிடுதல் தகாது. நாளைக் குறைப்பதும் கூட்டுவதும் மருத்துவர்க்கே உரியன.

வீட்டிற் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சில. இம்மருந்து கல்சியம், இரும்பு, அலுமினியம், மகனீசியம் என்பவற்றைக் கண்டால் இறுகப் பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டபின் குடல் அதனை நன்கு உறிஞ்சமாட்டாது. ஆகவே பாலோடும் தயிரோடும் பாற்றேநீரோடும் விழுங்கற்க. எருமைத்தயிருக்குப் பேர்போன ஊர்களில் இதனை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கின்றது. இரும்புச்சத்துக் குளிசை, வயிற்றெரிவு மருந்து என்பவற்றுக்கும் இதற்கும் இரண்டு மூன்று மணித்தியாலமேனும் இடைவெளி வேண்டும். கல்சியத்தோடுள்ள இப்பிணைப்பே மற்றொன்றையும் விளக்குகின்றது: வளரும் பல்லிலும் எலும்பிலும் இக்குல மருந்துகள் படிந்துவிடும். சூடான் நாட்டின் பழைய நூபியரின் எலும்புகளில், ஆயிரத்தைந்நூறு ஆண்டளவாகியும் டெட்ராசைக்கிளினின் சுவடு ஒளிர்வதை 1980 ஆம் ஆண்டில் அறிஞர் கண்டு வெளியிட்டனர். அவர்கள் தானியத்திற் புளிக்கவைத்துக் குடித்த பானத்தில் அந்நுண்ணுயிர் கலந்திருந்தது போலும். சிறுவர் பல்லில் நிலையான மஞ்சட்கறை தோன்றும் என்பதனால் எட்டு வயதுக்குட்பட்டோர்க்கும் கருவுற்ற பெண்டிர்க்கும் இதனை மருத்துவர் சொன்னாலன்றிக் கொடுத்தல் ஆகாது. தந்தையின் பங்கிலிருந்து மகனுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தல் அன்பன்று.

உணவுக்குப் பின், ஒரு செம்பு நீரோடு, நின்றோ இருந்தோ விழுங்கல் வேண்டும். விழுங்கியதும் படுக்கலாகாது, அரை மணித்தியாலமேனும் நிமிர்ந்திருத்தல் வேண்டும். கப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்குதல் இம்மருந்தின் அறியப்பட்ட குணம். உழைத்த களைப்பில் இரவு பாயிற் சாயும்போது வாயிலிட்டுக்கொள்ளும் வழக்கம் இதனாலே தீது. சிலர்க்கு வெயிலில் தோல் சிவந்து எரியும். வயலில் நிற்பவர் நீளக்கைச் சட்டையும் தொப்பியும் அணிதல் நன்று. முன்னர் டெட்ராசைக்கிளின் குல மருந்து ஏதேனும் ஒவ்வாதிருந்தால், பெயர் பதியும் போதே சொல்லிவிடல் வேண்டும்.

கன்றுக்கும் கோழிக்கும் இதனைக் கரைத்துக் கொடுக்கும் எண்ணம் சிலர்க்கு எழும். ஓரியோமைசின் கலந்த தீனியாற் கோழிக்குஞ்சு விரைந்து வளரும் என்று லெடர்லியாரே 1940 களின் இறுதியிற் கண்டனர். உலகெங்கும் பண்ணைகளில் அவ்வழக்கம் பரவியது. எதிர்க்கும் பற்றீரியா பெருகுவதைக் கண்டு, வளர்ச்சிக்காக மருந்தூட்டுவதை ஐரோப்பிய ஒன்றியத்தார் 2006 ஆம் ஆண்டில் முற்றாகத் தடைசெய்தனர். கால்நடைக்கு நோயாயின் கால்நடை வைத்தியரே சொல்லவேண்டும்.

எஞ்சியவற்றைப் பற்றி ஒரு சொல். போகம் முடிந்ததும் இரண்டு மூன்று கப்சூல் தகரப்பெட்டியிலோ கூரை வளையிலோ எஞ்சிக் கிடப்பது இயல்பு. அடுத்த போகம்வரை வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்த மருந்து அதே மருந்தல்ல. சிதைந்த பழைய டெட்ராசைக்கிளினை உட்கொண்டவர்க்குச் சிறுநீரகம் பழுதுற்றதை 1963 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் அறிவித்துள்ளனர். காலாவதித் திகதி உறையில் அச்சிடப்பட்டிருக்கும்; உறையைக் கிழித்தெறிந்துவிட்டுக் கப்சூலை மட்டும் போத்தலிற் போட்டுவைப்போர் அத்திகதியையும் எறிந்துவிடுகின்றனர். உறையோடு, உலர்ந்த இடத்தில், பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வைத்து, போகம் முடிந்தபின் எஞ்சியவற்றை ஆசுபத்திரி மருந்தகத்தாரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ காட்டி, அவர் சொன்னபடி செய்க. வாய்க்காலிலும் கிணற்றடியிலும் எறிதல் ஆகாது.